ஐன்ஸ்டீன் மூளையை வெட்டிப் பார்த்து என்னதான் கண்டார்கள்?

பேட்டை_சரவணன் | சனி இரவு 9.40

ஒரு விஷயம் நாலு நாளாக மனசை அரிக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் பையன் ஏழாவது படிக்கிறான். போன வாரம் அவன் பள்ளியில் பெற்றோரையெல்லாம் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், நடுமூளையைத் தூண்டும் பயிற்சி என்று ஒன்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டிவிட்டு, கையில் கொடுத்த அட்டை என்ன நிறம் என்று கேட்டார், அதுவும் சரியாகச் சொன்னது. அப்புறம் திரையில் ஐன்ஸ்டீன் படம். நாமெல்லாம் மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோம், அவர் அதற்கு மேலே போனார், செத்த பிறகு மூளையை எடுத்துப் பார்த்ததில் நம்முடையதைவிடப் பெரிதாக இருந்தது, விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள் என்றார். பயிற்சிக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்.

நான் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். சீட்டு எடுத்த பணம் வீட்டில் இருக்கிறது, கட்டிவிடலாம் என்கிறாள் மனைவி. பணம்கூடப் பெரிதில்லை. அன்றைக்கு ராத்திரி படுக்கும்போது பையன் கேட்டான், "எனக்கு மூளை சின்னதாப்பா?" என்று. கணக்கில் அவன் சுமார்தான். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அந்த மூளையைப் பற்றி அவர் சொன்னது உண்மையா?

ஐகிரவுண்டு_பழனி | சனி இரவு 10.25

தம்பி சரவணன், முதலில் பிள்ளையிடம் சொல்லுங்கள்: ஐன்ஸ்டீன் மூளையின் எடை 1230 கிராம். வளர்ந்த ஆணின் மூளை சராசரியாக 1350, 1400 கிராம் இருக்கும். அவருடையது பெரிதே இல்லை, சராசரிக்கும் கொஞ்சம் கீழே. 76 வயது ஆள், வயதானால் எல்லோருக்கும் மூளை கொஞ்சம் சுருங்கும், அதையும் சேர்த்துப் பார்த்தால் சாதாரண எடைதான்.

நான் உடற்கூறியல் துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, ஆனால் என் கையால் எடுத்துக் கொடுத்த மூளைகளுக்குக் கணக்கில்லை. புதிதாக எடுக்கும்போது இளநீர் வழுக்கை மாதிரி இருக்கும், விரல் அழுந்தினால் குழிந்துவிடும். ஃபார்மலினில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்ட பிறகுதான் இறுகி, கத்தி வைக்கிற பக்குவம் வரும். வாத்தியாருடையதையும் சுமடு தூக்கினவருடையதையும் பக்கத்துப் பக்கத்து ஜாடியில் வைத்திருக்கிறேன். சீட்டைக் கழற்றிவிட்டால் எது யாருடையது என்று எந்தப் பேராசிரியராலும் சொல்ல முடியாது.

எடையில் அறிவு இல்லை என்பது ரொம்ப காலமாகவே தெரிந்த விஷயம். ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2012 கிராம். பிரெஞ்சு எழுத்தாளர் அனத்தோல் ஃபிரான்ஸுக்கு 1017 கிராம்தான், அவர் நோபல் பரிசு வாங்கியவர். இன்னொன்றும் கேளுங்கள். ஜெர்மனியில் கணித மேதை காஸின் மூளையை 1855-இலிருந்து ஜாடியில் வைத்துப் பாதுகாத்தார்கள். 2013-இல் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், அது காஸின் மூளையே இல்லை, அதே ஊரில் அதே ஆண்டு இறந்த ஃபுக்ஸ் என்ற மருத்துவருடையது என்று தெரியவந்தது. எப்போதோ ஜாடி மாறிவிட்டது. மேதையின் மூளை என்று நம்பி அத்தனை காலம் வேறொருவருடையதைப் பார்த்திருக்கிறார்கள்.

கல்லிடை_செல்வி | சனி இரவு 11.05

நான் இயற்பியல் ஆசிரியை. பத்து சதவீதம் என்பது வெறும் கட்டுக்கதை, அண்ணா. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான், ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது தின்கிறது. இவ்வளவு தீனி போட்டு வளர்க்கும் உறுப்பில் பத்தில் ஒன்பது பங்கை உடம்பு சும்மா வைத்திருக்குமா? எந்தப் பக்கம் சின்ன அடி பட்டாலும் ஏதோ ஒன்று போய்விடுகிறது, பேச்சு போகிறது, கை விழுகிறது. பக்கவாதம் வந்தவர் உள்ள எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

கண்கட்டு வித்தைக்கு மூக்கோரத்தில் ஒரு சின்ன இடைவெளி போதும். அடுத்த முறை அந்தப் பிள்ளையின் தாடைக்குக் கீழே ஒரு அட்டையைக் குறுக்கே பிடிக்கச் சொல்லுங்கள், நிறம் சொல்வது நின்றுவிடும். பிள்ளைகளைப் பொய் சொல்லப் பழக்குகிறார்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இன்னொரு கதையும் கூட்டத்தில் வந்திருக்குமே, ஐன்ஸ்டீன் கணக்கில் ஃபெயில் என்று? அதுவும் பொய். பதினைந்து வயதுக்குள் நுண்கணிதம் கற்றவர் அவர். 1895-இல் சூரிச் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் தேறவில்லை என்பது நிஜம், ஆனால் அப்போது அவருக்கு 16 வயது, வழக்கமான வயதைவிட இரண்டு வயது குறைவு. கணிதத்திலும் இயற்பியலிலும் நன்றாகச் செய்திருந்தார், பொதுப் பாடங்களில் தவறிவிட்டார். ஒரு வருடம் ஆராவ் என்ற ஊரில் பள்ளியில் படித்துவிட்டு அடுத்த ஆண்டு உள்ளே போனார்.

நெல்லை_ராஜகோபால் | ஞாயிறு காலை 7.10

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். அந்தப் பயிற்சி ஏமாற்று, சரி, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மூளையில் ஒன்றுமே இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆராய்ச்சிகள் வந்திருக்கின்றனவே. 1985-இல் பெர்க்லியில் மரியன் டயமண்ட் என்ற அம்மையார், இடது பக்கம் பின்னால் ஓரிடத்தில் நரம்பணுக்களோடு ஒப்பிட்டால் கிளையா அணுக்கள் அவருக்கு அதிகம் என்று கண்டார். நரம்பணுக்களுக்குத் தாங்கலாக நின்று பணிவிடை செய்யும் அணுக்கள் அவை. 1999-இல் கனடாவில் சாண்ட்ரா விட்டல்சன், 35 ஆண்களின் மூளையோடு ஒப்பிட்டு, ஐன்ஸ்டீனின் பக்கவாட்டு மடல் 15 சதவீதம் அகலம் என்று லான்செட் இதழில் எழுதினார். இடமும் வடிவமும் எண்ணும் பற்றிய சிந்தனைக்கு முக்கியமான பகுதி அது. சார்பியலைக் கண்டவருக்கு அங்கே அகலமாக இருப்பது தற்செயலா? மேதை பிறக்கிறான், செய்யப்படுவதில்லை என்பதுதான் என் எண்ணம். நம் பிள்ளைகளை வீணாக ஏங்க வைக்க வேண்டாமே.

ஐகிரவுண்டு_பழனி | ஞாயிறு காலை 8.30

ராஜகோபால் சார், நீங்கள் சொன்ன இரண்டு ஆய்வும் நடந்தவைதான். ஆனால் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். டயமண்ட் அம்மா நாலு இடத்தைப் பார்த்தார், அதில் ஒரே இடத்தில்தான் சொல்லும்படி வித்தியாசம் வந்தது. ஒப்பிட்டது 11 பேரின் மூளையோடு, அவர்கள் சராசரியில் ஐன்ஸ்டீனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்கள். ஒரு பக்கம் ஒரே ஒரு மூளை, நாலு இடத்தில் எண்ணினால் எங்காவது ஒரு இடத்தில் கூடவோ குறையவோ வரத்தான் செய்யும். மடல் அகலத்தை 1955-இல் எடுத்த புகைப்படங்களில் அளந்தார்கள். என் மூளையையும் உங்கள் மூளையையும் அந்த மாதிரி அளந்தாலும் ஏதாவது ஒரு மடிப்பு வித்தியாசமாகத்தான் இருக்கும், கைரேகை மாதிரி. பெயர் தெரியாமல் எண்ணக் கொடுத்திருந்தால் இந்த மாதிரி வந்திருக்குமா என்பதுதான் கேள்வி.

எனக்கு இதில் மனசு கனத்துப் போவது வேறு இடத்தில். அந்த மூளை எடுக்கப்பட்ட விதம். வயிற்றில் ஓடும் பெருந்தமனி வீங்கி வெடித்தது அவருக்கு. அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார்கள், செயற்கையாக ஆயுளை நீட்டுவதில் ருசியில்லை, போகவேண்டிய நேரத்தில் போகிறேன் என்று மறுத்துவிட்டார். 1955 ஏப்ரல் 18 அதிகாலை, பிரின்ஸ்டன் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. தன்னை எரித்துவிட வேண்டும், எலும்பை வைத்து யாரும் கும்பிடக்கூடாது என்பது அவர் விருப்பம். அன்றைக்கே எரித்தார்கள். ஆனால் அதற்குள் பிரேதப் பரிசோதனை செய்த தாமஸ் ஹார்வி என்ற டாக்டர், யாரையும் கேட்காமல் மூளையை எடுத்துவிட்டார். கண்களையும் எடுத்து, அவருடைய கண் டாக்டரிடம் கொடுத்தார்கள். மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் விஷயம் தெரிந்து கோபப்பட்டு, பிறகு ஆராய்ச்சிக்கு மட்டும் என்று சம்மதித்தார்.

எங்கள் துறைக்கு உடல்தானம் வரும்போது பார்ப்பேன். உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், கடைசி நேரத்தில் பிள்ளைகள் ஒப்புக்கொண்டால்தான் வாங்குவோம். வாங்கும்போது பேராசிரியர் முதல் நான் வரை செருப்பைக் கழற்றிவிட்டு நிற்போம். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது ஒருவருடைய உடம்பு. கேட்காமல் எடுத்ததை என்னால் எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியவில்லை.

ஹார்வி அதைச் சுமார் 240 துண்டுகளாக வெட்டினார். கொஞ்ச காலத்தில் அந்த ஆஸ்பத்திரி வேலையும் போனது. ஊர் ஊராகப் போன இடமெல்லாம் ஜாடிகளும் கூடவே போயின. 1978-இல் ஒரு பத்திரிகையாளர் தேடிப் போனபோது கன்சாஸ் மாநிலத்தில் அவர் அலுவலகத்தில், சைடர் பாட்டில் வரும் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. கடைசியில் மனிதர் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வயதான காலத்தில் மிச்சத்தைத் திரும்ப பிரின்ஸ்டனுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். சில கண்ணாடித் துண்டங்களைப் பிலடெல்பியாவில் ஒரு காட்சியகத்தில் மக்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். எதை வேண்டாம் என்றாரோ அதுவே நடந்துவிட்டது.

திசையன்விளை_ஜெபா | ஞாயிறு காலை 10.15

அண்ணாச்சி எழுதினதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் ஓடவில்லை.

மூளையை விடுங்கள், அந்த மனசு எப்படி ஓடியது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 1907-இல் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு எண்ணம் வருகிறது: மேலேயிருந்து விழுகிற ஆளுக்கு, விழும் நேரத்தில் தன் எடையே தெரியாது. தன் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான எண்ணம் அது என்று பிற்பாடு சொன்னார்.

என் தாத்தா பனையேறி. அறுபதடி மரத்திலிருந்து ஒருமுறை வழுக்கி விழுந்து, பாளையில் சிக்கிப் பிழைத்தவர். நான் கல்லூரியில் இந்த விஷயத்தைப் படித்துவிட்டு வந்து கேட்டேன், தாத்தா, விழும்போது எப்படி இருந்தது என்று. "ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சுலே, கலயம் கூடவே வந்துச்சு" என்றார். இடுப்பிலிருந்து நழுவின கலயம் அவருக்குப் பக்கத்திலேயே, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் கூடவே வந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதே விஷயம்தான். ஆளும் கலயமும் ஒரே வேகத்தில் விழுவதால், அந்த ஆளைப் பொறுத்தவரை ஈர்ப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு எட்டு வருடம் மல்லுக்கட்டி, 1915 நவம்பரில், ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்பியல் என்ற கோட்பாட்டின் சமன்பாடுகளை எழுதி முடித்தார்.

விழுந்தவர் எத்தனையோ பேர். எங்கள் தாத்தாவும் பார்த்தார். பார்த்ததைப் பிடித்து இழுத்துக்கொண்டே எட்டு வருடம் போக அவருக்கு நேரமும் படிப்பும் இருந்தது, தாத்தாவுக்கு விடிந்தால் நாற்பது மரம் ஏற வேண்டியிருந்தது.

கல்லிடை_செல்வி | ஞாயிறு பகல் 12.20

ஜெபா தம்பி, நாளைக்கே வகுப்பில் இந்தக் கலயத்தைச் சொல்லப் போகிறேன்.

தான் யோசிக்கும்போது சொற்கள் வருவதில்லை, உருவங்களும் ஒருவித உடல் அசைவு உணர்வும்தான் முதலில் வருகின்றன, சொல்லை அப்புறம் பாடுபட்டுத் தேட வேண்டியிருக்கிறது என்று கணிதவியலாளர் ஹதமாருக்கு எழுதியிருக்கிறார் ஐன்ஸ்டீன். பதினாறு வயதில் ஒளிக்கதிரின் பின்னாலேயே அதே வேகத்தில் ஓடினால் என்ன தெரியும் என்று யோசித்தவர், அதற்குப் பதில் கிடைத்தது 1905-இல். பத்து வருடம் ஒரு கேள்வியைக் கீழே வைக்காமல் வைத்திருந்தார். என் வகுப்பில் பத்து நிமிடம் வைத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தாலே எனக்குச் சந்தோஷம்.

தனியாக உட்கார்ந்து செய்தார் என்பதும் சரியில்லை. பெர்னில் ஹபிக்ட், சொலோவின் என்று இரண்டு நண்பர்கள், ராத்திரி ராத்திரியாகப் படித்துச் சண்டை போடுவார்கள். 1905 சார்பியல் கட்டுரையின் கடைசியில் நண்பர் பெஸோவுக்கு மட்டும்தான் நன்றி சொல்லியிருக்கிறார். பொதுச் சார்பியலுக்கு வேண்டிய வளைந்த வெளியின் கணிதம் அவருக்குத் தெரியாது, கூடப் படித்த மார்செல் கிராஸ்மன்தான் கற்றுக்கொடுத்தார். அதே கிராஸ்மனின் அப்பா சிபாரிசு செய்துதான் 1902-இல் அந்தக் காப்புரிமை அலுவலக வேலையே கிடைத்தது, அதற்கு முன்னால் இரண்டு வருடம் நிலையான வேலை இல்லாமல் அலைந்தவர்.

ராஜகோபால் சாருக்கு ஒன்று. 2009-இல் டீன் ஃபாக் என்ற ஆய்வாளர் அதே பழைய படங்களில், இடது கை விரல்களை இயக்கும் பகுதியில் ஒரு புடைப்பு இருப்பதைக் காட்டினார். நீண்ட காலம் வயலின் வாசித்தவர்களிடம் காண்பது அது. ஐன்ஸ்டீன் ஆறு வயதிலிருந்து வயலின் வாசித்தவர். அப்படியானால் அந்தப் புடைப்பு வாசித்ததால் வந்ததா, புடைப்பு இருந்ததால் வாசித்தாரா? பத்தமடையில் கோரை நெய்யும் அம்மாக்களின் விரலைப் பாருங்கள், அந்த விரலோடா பிறந்தார்கள்?

நெல்லை_ராஜகோபால் | ஞாயிறு மாலை 4.45

விரல் உதாரணம் நியாயம்தான், டீச்சர். புடைப்பு முதலா பழக்கம் முதலா என்பதை ஒரே ஒரு மூளையை வைத்துச் சொல்ல முடியாது, அதை ஏற்கிறேன். ஆனாலும் பிறவியில் ஒன்றுமே இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. பத்தமடையிலும் எல்லாக் கையும் பட்டுப்பாய் நெய்துவிடுவதில்லை.

இன்னொன்று, யாரும் எழுதவில்லை. அவருடைய இரண்டாவது மகன் எட்வர்ட். நன்றாகப் படித்த பிள்ளை, மனநல மருத்துவராக ஆசைப்பட்டவன், இருபது வயது வாக்கில் மனச்சிதைவு நோய் வந்துவிட்டது. 1933-இல் அப்பா அமெரிக்கா போனவர் அதற்குப் பிறகு மகனைப் பார்க்கவே இல்லை. முதல் மனைவி மிலேவா, கூடப் படித்தவர், பிரிந்த பிறகும் அந்தப் பிள்ளையைச் சாகும்வரை வைத்துப் பார்த்தார். எட்வர்ட் 1965-இல் சூரிச் மனநல மருத்துவமனையில் இறந்தார். எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு தம்பி இருக்கிறான், அதனால் எனக்கு இது லேசாகப் போகவில்லை. நட்சத்திர ஒளி எவ்வளவு வளையும் என்று சொன்ன மனிதருக்கு, அந்த அறைக்குள் போய் உட்கார முடியவில்லை.

செங்கோட்டை_மீனாட்சி | ஞாயிறு இரவு 8.50

காலையிலிருந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டே இருக்கிறேன், நம் ஊர்க்காரர் ஒருவரை யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். வல்லம் எஸ். எஸ். பிள்ளை.

குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லம். 1901-இல் பிறந்தவர், சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. பிறந்து ஒரு வருடத்தில் அம்மா போய்விட்டார். பள்ளிக் கடைசி வருடத்தில் அப்பாவும் போய்விட்டார். அதோடு படிப்பு நின்றிருக்க வேண்டியது. சாஸ்திரியார் என்று ஒரு வாத்தியார், தன் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்து மேலே படிக்க வைத்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, பிறகு திருவனந்தபுரம், பிறகு சென்னை, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.

அவர் கணக்கைச் சரவணன் அண்ணன் மகனுக்கே சொல்லலாம். எந்த எண்ணையும் வர்க்கங்களின் கூட்டலாக எழுத நாலு வர்க்கம் போதும். 7 என்றால் 4+1+1+1. கனங்கள் என்றால் ஒன்பது போதும், 23-க்கு ஒன்பதும் வேண்டும், 8+8 போக ஏழு ஒன்று. ஆறாம் படிக்கு? 703-ஐ எடுங்கள். மூன்றின் ஆறாம் படி 729, அது பெரிது, உதவாது. இரண்டின் ஆறாம் படி 64, அதைப் பத்துத் தடவை போட்டால் 640, மிச்சம் 63-க்கு ஒன்று ஒன்றாக 63. ஆக 73. எந்த எண்ணுக்கும் 73-க்கு மேல் தேவைப்படாது என்று 1940-இல் நிரூபித்தவர் பிள்ளை. நான்காம் படிக்கு 19 போதும் என்பது 1986 வரை நிரூபணம் ஆகவில்லை, அதைச் செய்த மூவரில் ஒருவர் நம் சென்னையின் ஆர். பாலசுப்பிரமணியன்.

1950-இல் பிள்ளைக்கு பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது, ஒரு வருடம் தங்கி ஆராய்ச்சி செய்ய. ஐன்ஸ்டீன் அப்போது அங்கேதான் இருக்கிறார். போகிற வழியில் ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு. ஆகஸ்ட் 31, கெய்ரோவிலிருந்து கிளம்பிய விமானம் பாலைவனத்தில் விழுந்து 55 பேரும் இறந்தார்கள். பிள்ளைக்கு வயது 49.

அவர் மூளையை யாரும் எடை போடவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அந்தச் சாஸ்திரியாரின் முழுப் பெயர்கூட ஊரில் யாருக்கும் தெரியவில்லை, வருத்தம் அதில்தான். நான் வல்லத்தில் கேட்டுப் பார்த்தேன்.

ஐகிரவுண்டு_பழனி | ஞாயிறு இரவு 9.30

தாயி, இத்தனை வருடம் குற்றாலத்துக்குப் போகிறேன், வல்லத்தைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். இது தெரியாமல் போயிற்றே.

பேட்டை_சரவணன் | திங்கள் இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட மனசில்லை. பணம் கட்டவில்லை. மனைவியிடம் அந்த 1230 கிராம் கணக்கைக் காட்டினேன், அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. செல்வி டீச்சர் சொன்ன தாடை அட்டை யோசனையைப் பள்ளியில் இன்னும் இரண்டு பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன்.

பையனிடம் மூளை பெரிதா சின்னதா என்று எதுவும் பேசவில்லை. மீனாட்சி அக்காவின் 703-ஐப் பட்டறையில் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். எனக்கே இரண்டு தடவை தப்பு வந்தது, அவன்தான் திருத்தினான். அப்புறம் தானாகவே நான்காம் படிக்குப் போய்விட்டான். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை, 79-க்குப் பத்தொன்பது வேண்டியிருக்கிறது, நாலு பதினாறும் பதினைந்து ஒன்றும் என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். இப்போது ஐந்தாம் படிக்கு எத்தனை என்று கேட்கிறான். விடை தெரிந்தவர்கள் தயவுசெய்து இங்கே எழுதிவிடாதீர்கள், என் போனை எடுத்துப் படிக்கிறான்.

அடுத்த ஞாயிறு காலை செங்கோட்டை ரயிலில் தென்காசி போய் அங்கிருந்து வல்லம் போகலாம் என்றிருக்கிறோம். மீனாட்சி அக்கா, ஊரில் அவர் படித்த பள்ளி எது என்று யாரைக் கேட்டால் தெரியும்?

செங்கோட்டை_மீனாட்சி | திங்கள் இரவு 10.25

நானே ஸ்டேஷனுக்கு வருகிறேன், தம்பி. பையனுக்கு ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.